ஈயக் கூண்டுக்கு அடியில் காசியம்மாள்

காசியம்மாளுக்கும் எனக்கும் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷமாக, திங்களும் வியாழனும், அவள் முகத்தில்தான் விழித்தேன். ஒரு நாளாவது "வா ஜெரோமு" என்று சொன்னதில்லை. நானும் "சாப்ட்டியா" என்று கேட்டதில்லை. அப்படிப்பட்டவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். காலேஜில் அவள் மேல் போட்ட பழியை இன்னமும் சிலர் உண்மை என்று பேசிக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தியைத் திட்டுவதாக இருந்தால்கூட அவள் செய்ததற்குத் திட்ட வேண்டும்.

நான் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் கேஸ் கம்பெனியில் கேன் ஏற்றி, ஆஸ்பத்திரி, மாட்டுப் பண்ணை, கடலோரத்து இறால் குஞ்சுப் பண்ணை என்று இறக்கிவிட்டு வருவது என் வேலை. அதில் ஒரு நடை, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் ரோட்டில் உள்ள ஒரு தனியார் காலேஜுக்கு. பெயர் வேண்டாம். அங்கே இயற்பியல் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் அறை. அந்த அறைக்குத்தான் திரவ நைட்ரஜன் கொண்டு போவேன். வாங்கி ஊற்றுகிறவள் காசியம்மாள்.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று முதல் நாலு வருஷம் எனக்குத் தெரியாது. ஈயச் செங்கல்லை அடுக்கி ஒரு கூண்டு கட்டியிருப்பார்கள். கூண்டுக்குள் ஜெர்மேனியக் கட்டி ஒன்று, கையில் அடங்குகிற அளவு. அதற்கு எப்போதும் குளிர் வேண்டும். பனிக்கட்டிக் குளிர் அல்ல, பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்காகக் கூண்டுக்கு அடியில் ஒரு பெரிய கேன் நிற்கும். அதில் நைட்ரஜன் தீர்ந்தால் கட்டி கெட்டுவிடும், கட்டி கெட்டால் அறையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட வேண்டியதுதான்.

ஒரு நாள் வெயில் தாங்காமல் உள்ளே போய் நின்றபோது அவளையே கேட்டேன்.

"இத்த வெச்சிகினு இன்னாதான் பண்றாங்க?"

"உனக்கு எதுக்கு? கேன எறக்கிட்டுப் போ."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

அது அவளுக்குச் சுட்டது. எட்டாவது வரை படித்தவள். நான் ஐந்தாவது.

"கனமான அணு ஒன்னு கீதுன்னு வெச்சிக்க. அது உள்ள ஒரு கரு. அதுக்கு ஒரு நேரம் வேகம் ஏறிடும். ஏறினா மொட்ட மாடியில நிக்கிற மாரி நிக்கும். அங்கயே எத்தினி நேரம் நிக்கும்? படிப்படியா குதிச்சி எறங்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு வெளிச்சம் வரும், கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கட்டிக்குத் தெரியும். எந்தப் படியிலருந்து எந்தப் படிக்குக் குதிச்சிதோ, அதுக்குன்னு ஒரு நம்பரு. மாறவே மாறாது. அத்த எண்ணி எண்ணி, அந்த மாடிக்கு எத்தினி படின்னு கண்டுபுடிக்கிறாங்க."

"படிய எண்ணி இன்னா பண்ணுவாங்க?"

"உன்ன மாரி ஆளுக்குச் சொல்லிப் புரிய வெக்கிறதுக்கு அந்தக் கருவே தேவலாம்."

இதுதான் காசியம்மாள்.

அவள் திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஒரு காலனியில் பிறந்தவள். எங்கள் அப்பன்மாரைப் போலவே அவள் வீட்டு ஆட்களும் அடுத்தவன் நிலத்தில் நடவு நட்டவர்கள்தான். நிலமெல்லாம் பிளாட்டாகிக் கல் நட்டுவிட்ட பிறகு, மாட்டுக்குச் சினை ஊசி போடும் நிலையத்தில் கூலிக்குப் போனாள். காளை விந்துக் குச்சிகளை நைட்ரஜன் கேனில் போட்டு வைத்திருப்பார்கள் இல்லையா, அந்தக் கேன்களை வற்றவிடாமல் பார்ப்பது அவள் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு கேன் வற்றவில்லை. காலேஜில் இந்த அறை திறந்தபோது நைட்ரஜன் தொட்டுப் பழகின ஆள் வேண்டும் என்றார்கள். படித்த பிள்ளைகள் நாலு பேர் வந்து, புகையைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊற்றினாள். புருஷன் சின்னையன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. வாரத்துக்கு ஆறு நாள் அங்கேயே கிடப்பான். அந்த மனுஷன் கொடுத்து வைத்தவன்.

அவளோடு எனக்குச் சண்டை ஒரு மரக்குச்சியால் வந்தது. கேனை இறக்கியதும் நீளக் குச்சி ஒன்றை உள்ளே விடுவாள். பத்து எண்ணுவாள். வெளியே எடுத்துக் காற்றில் ஒரு வீசு. நைட்ரஜன் எதுவரை இருந்ததோ அதுவரை குச்சியில் வெள்ளையாகப் பனி பூக்கும். மேலே விரலை வைத்து அளப்பாள்.

"ரெண்டு விரல் கொறையுது."

"வழியில ஆவியாவும். உனக்குத் தெரியாதா?"

"ஒரு விரல் ஆவியாவும். இன்னொரு விரலு நீ டீக்கடையில நின்ன கணக்கு."

சரியாகத்தான் சொல்வாள். நான் நின்றிருப்பேன். அதனாலேயே எரிச்சல் வரும். நோட்டில் குறைவு என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். ஒன்பது வருஷத்தில் அந்தப் பெண்பிள்ளையால் கம்பெனியில் நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த அறைக்குப் பெரியவர் சுப்புராமன் சார். வேறு இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அணுபுரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு இந்தக் காலேஜுக்கு வந்து போகிறவர். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பெண் ஹரிப்ரியா. அந்த வருஷம் ஜனவரியில் ஹரிப்ரியாவுக்கு டான்டலம் என்ற உலோகத் துண்டு ஒன்று ஈயப் பெட்டியில் வந்தது. அதன் கரு டங்ஸ்டனாக மாறிக்கொண்டே, நம் காசியம்மாள் சொன்ன மாதிரி படியிறங்கும். ஆனால் நூற்றுப் பதினைந்து நாளில் அதன் பலம் பாதியாகிவிடும். அதற்குள் எண்ண வேண்டியதை எண்ணி முடிக்க வேண்டும். மெல்லிசான கதிர்கள் சிலதைத்தான் அந்தப் பெண் தேடிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் காலேஜ்காரன் அந்த அறைக்குப் பின்சுவரை ஒட்டி ஜெனரேட்டர் வைத்தான். அது ஓடும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. திரையில் ஊசி மாதிரி நிற்க வேண்டிய கோடுகள் இட்லி மாதிரி உப்பின. சுப்புராமன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஜெரோம், உங்கிட்ட வண்டி இருக்கே. ஆத்து மணல் ஆறு மூட்டை கொண்டு வா. கேன் ஸ்டாண்டைச் சுத்தி அணைச்சுப் போட்டா அதிர்வு அடங்கும்."

ஆற்று மணல் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். பாலாற்றில் ஒரு கூடை அள்ளினால் போலீஸ் வண்டியைப் பிடித்துக்கொள்வான். அதே வாரம் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் ஆக்சிஜன் சிலிண்டர் இறக்கிவிட்டுத் திரும்பினேன். கடல் பக்கத்திலேயே கிடக்கிறது. அலை வாரிப் போட்ட இடத்தில் மணல் பட்டை பட்டையாகக் கறுத்துக் கிடந்தது. ஒரு கை அள்ளிப் பார்த்தேன், நல்ல கனம். அதிர்வை அடக்கத்தானே கேட்டார், கனமாக இருந்தால் நல்லதுதானே என்று கறுப்பாகப் பார்த்துப் பார்த்து அள்ளினேன். ஆறு மூட்டை. மார்ச் பன்னிரண்டாம் தேதி போட்டேன். அதிர்வும் அடங்கியது. சுப்புராமன் சார் என் முதுகில் தட்டினார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை கேனை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம்.

டான்டலத்தை வெளியே எடுத்துவிட்டு, காலிக் கூண்டை ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ண வைப்பார்கள். ஒன்றுமே வைக்காவிட்டாலும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் கொஞ்சம் கதிர் வரும். அதைக் கழிக்க வேண்டும் அல்லவா, அதற்காக. மாதக் கணக்கில் எண்ணி வைத்ததை அந்த வாரம்தான் ஹரிப்ரியா உட்கார்ந்து ஒப்பிட்டிருக்கிறாள். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலு என்ற எண்ணில் ஒரு கோடு. மணிக்கு நாற்பது விழுந்துகொண்டிருந்த இடத்தில் நூற்றுத் தொண்ணூறு விழுகிறது. அந்தக் கோடு தோரியத்தின் அடையாளம். தோரியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகும்போது, அந்த ஈயக் கரு கடைசிப் படியைக் குதிக்கிற எண் அது. அது பெருத்தால் அதற்குக் கீழே இருக்கிற மெல்லிசுக் கதிர்களெல்லாம் அதன் குப்பையில் மூழ்கிவிடும். ஹரிப்ரியாவின் ஆறு வார எண்ணிக்கை குப்பையில்.

சுப்புராமன் சார் அலமாரியைத் திறந்தார். பழைய தோரியம் உப்புப் பாட்டில் ஒன்று, மூடி விரிசல் விட்டிருந்தது.

"இந்த அறையைத் துடைக்கிறது யாரு?"

"நான்தான்."

"இதைத் தட்டிவிட்டே. சிந்தினதைத் துணியால துடைச்சு அறை பூரா இழுத்துட்டே."

"நான் அலமாரியத் தொட்றதில்ல சார். அந்த மூடி நீங்க கொணாந்தப்பவே ஒடஞ்சிதான் இருந்துது."

"எதிர்த்துப் பேசாதே. தோரியம் தானா நடந்து வருமா?"

"அது எனக்கு எப்டித் தெரியும்? படிச்சவங்க நீங்க சொல்லுங்க."

அவர் லாக் புக்கை இழுத்துச் சிவப்பு மையில் இங்கிலீஷில் எழுதினார். ஹரிப்ரியாவைப் படித்துக் காட்டச் சொன்னாள் காசியம்மாள். துப்புரவுப் பணியாளர் காசியம்மாளின் கவனக்குறைவால் தோரியம் சிந்தியது, அடுத்த மாதம் முதல் இவர் தேவையில்லை. அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல் படித்தாள்.

ஒன்பது வருஷம் நைட்ரஜன் ஊற்றியவளைத் 'துப்புரவு' என்று எழுதினார். மே ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயசு. இந்தச் சிவப்பு மையோடு வெளியே போனால் சினை ஊசி நிலையத்தில்கூட உள்ளே விடமாட்டார்கள்.

அந்த நிமிஷம் எனக்கு மணல் ஞாபகம் வரவில்லை என்று சொல்ல ஆசைதான். லேசாக வந்தது. மணலுக்கும் தோரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கேனை இறக்கினேன், போய்விட்டேன்.

காசியம்மாள் அழுதிருந்தால் எனக்குப் பாவமாகக்கூட இருந்திருக்கும். அவள் அழவில்லை. வியாழக்கிழமை நான் போனபோது ஹரிப்ரியாவை உட்காரவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டில எடுத்துகினு போயி அந்தக் கடைசிக் கட்டடத்துல வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன் காசிம்மா. நேத்து ராத்திரி பூரா எண்ணிப் பாத்தாச்சு. குறையவே இல்ல."

"தரையத் தொடச்ச காகிதம்?"

"நாலு மூலையிலயும் துடைச்சுக் கூண்டுக்குள்ள வெச்சு எண்ணினோமே. ஒண்ணுமில்ல."

"அப்ப சிந்தலன்னு ஆச்சா இல்லியா?"

"சார் ஒத்துக்க மாட்டார். சுவத்துல ஒட்டியிருக்கும்னு சொல்வார்."

"நாளைக்கு என் மூஞ்சில ஒட்டிகினு கீதுன்னு சொல்வாரு. சரி, அந்த நம்பரு எந்த ஞாயித்துக்கெயம ஏறிச்சி? அத்தப் பாரு."

ஹரிப்ரியா புரட்டினாள். மார்ச் முதல் வாரம் நாற்பது. நடுவில் இரண்டு ஞாயிறு டான்டலத்தை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நூற்றுத் தொண்ணூறு. காசியம்மாள் தன் நோட்டை எடுத்தாள். அந்த அறைக்குள் வருகிற ஒவ்வொன்றையும் அதில் எழுதுவாள், துடைப்பம் உள்பட. ஆள்காட்டி விரல் மேலிருந்து இறங்கி மார்ச் பன்னிரண்டில் நின்றது. நான் வெளியே போகப் பார்த்தேன்.

"ஏய் ஜெரோமு. நில்லு."

அவள் என்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

தரையில் மல்லாக்கப் படுத்து, கேன் ஸ்டாண்டுக்கு அடியில் தலையை விட்டாள். அங்கிருந்தே பேசினாள்.

"அரிப்பிரியா, கூண்டுக்குச் சுத்தியும் ஈயம் கீது. மேலயும் கீது. அடியில?"

"அடியில கேனுக்குப் போற குழாய் இருக்கு. அதுக்காக ஓட்டை விட்டிருக்கு."

"அந்த ஓட்டைக்கி நேரா இன்னா கீது?"

ஹரிப்ரியாவும் குனிந்து பார்த்தாள். காசியம்மாள் எழுந்து, ஒரு மூட்டையின் வாயைக் கிழித்துக் கையை விட்டு அள்ளினாள். கறுப்பு மணல். நடுவில் வெள்ளையாக ஒரு துண்டு.

"இந்த மண்ணு எங்க அள்ளின?"

"பாலாத்துல."

"பாலாத்துல எப்படா கிளிஞ்சல் மொளச்சிது?"

"ஆத்துலயும் நத்தை கெடக்கும்."

"நத்தைக்கும் கிளிஞ்சலுக்கும் வித்தியாசம் தெரியாத எடத்துலயா நீ பொறந்த? உங்க ஆத்தா வூட்டுல கருவாடே வேவலியா?"

"சாரு ஆத்து மண்ணுதான் கேட்டாரு, நானும் ஆத்து மண்ணுதான் போட்டன்" என்றேன். ஒரு தடவை சொன்ன பிறகு மாற்றிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

மூட்டைக்கு ஒரு கை கொடுக்கப் போனேன். "தொடாத" என்றாள். ஆறு மூட்டையையும் ஒற்றை ஆளாய் இழுத்துக்கொண்டு போய் மரத்தடியில் போட்டாள். ஒரு டப்பாவில் மட்டும் கொஞ்சம் மணல் எடுத்து மூடி, மேலே தேதி எழுதினாள். 'ஜெரோம்' என்றும் எழுதினாள்.

திங்கட்கிழமை காலை சுப்புராமன் சார் ஆள் விட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். மே ஒன்றுக்கு இரண்டு நாள். திரையில் இரண்டு வரைபடம் தெரிந்தது. மூட்டையை எடுத்த பிறகு எண்ணியது ஒன்று, பழையபடி நாற்பது. டப்பா மணலைக் கூண்டுக்குள் வைத்து எண்ணியது இன்னொன்று. இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலில் பனைமரம் மாதிரி ஒரு கோடு நின்றது.

"இந்தக் கடலோரத்துக் கறுப்பு மணல்ல தோரியம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று சார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நான் ஆத்து மணல்தானேன்னு..." என் பக்கம் திரும்பினார். "எங்கேப்பா எடுத்தே?"

பனைமரத்தை வைத்துக்கொண்டு பாலாறு என்று எப்படிச் சொல்வது? "சதுரங்கப்பட்டினம் பக்கம், கடல்ல" என்றேன்.

மூட்டை போடச் சொன்னவர் அவர். வந்த மணலைப் பார்க்காமல் முதுகில் தட்டியவரும் அவர். அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், குரலை இறக்கினார்.

"சரி காசி, விடு. ஆனது ஆச்சு. ஒண்ணாம் தேதி நீ வழக்கம்போல வேலைக்கு வா. இதைப் பெரிசு பண்ண வேண்டாம்."

"வர்றன் சார். அந்தச் செவப்பு மைய அடிங்க."

"லாக் புக்ல எழுதினதை அடிக்கக் கூடாது. அது விதி."

"அடிக்காதிங்க. அதுக்குக் கீய எய்துங்க."

"நான்தான் வாயால சொல்றேனே."

"சிந்திட்டன்னு வாயாலயா சொன்னீங்க? எய்தித்தான வெச்சீங்க. நாளைக்கி நீங்க அணுபுரத்துல வூட்ல குந்திப்பீங்க. வேற ஒரு சாரு வருவாரு. அவரு இத்தப் படிச்சா நான் யாரு?"

சுப்புராமன் சாருக்கு முகம் சிவந்தது. "யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசு" என்றார்.

"தெரிஞ்சிதான் பேசறன். ஒரு வாரமா தெரிஞ்சிகினேன்."

ஹரிப்ரியா எழுந்து லாக் புக்கை அவர் முன்னால் திறந்து வைத்தாள். அந்தப் பெண் அந்த அறையில் செய்த ஒரே தைரியமான காரியம் அதுதான். அவர் பேனாவை எடுத்தார்.

"தமிழ்ல" என்றாள் காசியம்மாள். "நான் படிக்கணும்."

எழுதினார். தோரியம் சிந்தவில்லை. கதிர் கூடியதற்குக் காரணம் கேனைச் சுற்றி வைத்த கடற்கரை மணல். காசியம்மாள் மேல் தவறு இல்லை. அவள் புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"மண்ணு தானா நடந்து வந்துதா சார்?"

"என்ன?"

"மூட்ட வெக்கச் சொன்னது யாரு, கொணாந்தது யாருன்னு எய்துங்க. என் பேர எய்தத் தெரிஞ்சிது இல்ல."

அவர் தன் பெயரை எழுதினார். பிறகு என் பெயரை எழுதினார். தன் பெயரைப் பொடியாகவும் என் பெயரைப் பெரிதாகவும்.

அந்த வாரமே காலேஜிலிருந்து கம்பெனிக்குத் தகவல் போனது. அந்த நடை என் கையைவிட்டுப் போயிற்று. அதோடு கம்பெனிக்காரன் என்னைப் பண்ணை நடைக்கும் யோசித்து யோசித்துத்தான் அனுப்புகிறான். மூட்டை போடச் சொன்ன சுப்புராமன் சார் இன்னமும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவள் சிந்தினாள் என்று பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. படித்தவர்கள் என் பேரைப் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டுச் சிரிக்கிறார்கள்.

போன மாதம் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்ட இல்ல?" என்றேன்.

"அள்ளினவன் நீ. ஆறு மூட்ட."

"தெரியாமப் பண்ணது. உனக்கு வேல கெடச்சிடுச்சி, அதோட வுட்டிருக்கலாம். என் பேர எதுக்கு எய்தச் சொன்ன?"

அவள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"என் பேரச் செவப்பு மையில எய்தினப்ப நீ எங்க இருந்த?"

"வண்டியில இருந்தன். எனக்கு இன்னா தெரியும்?"

"வண்டியில இருந்த. கதவாண்ட கேன அணைச்சிகினு நின்னது உன் அண்ணாத்தையா?"

மாமல்லபுரம் பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். இடம் பிடித்து உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்து, கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டையை ஆரம்பித்தாள். பஸ் கிளம்பும் வரை என் பக்கம் திரும்பவில்லை.